என்னால் அடிக்கப்பட்டது

சீனி இபுராம்சா அண்ணன் கடையில்
கரண்ட் வந்த நேரம் பார்த்து
விடைத்தாள் நகல் இறங்கியது,
ஒவ்வொரு பக்கமாக, கொஞ்சம் சாய்வாக,
யாரோ எழுதியது போல என் கையெழுத்து.

கணக்கு முப்பத்தேழு.
இயற்பியல் நாற்பத்தொன்று. வேதியியல் நாற்பது.
ஆக நூற்றுப் பதினெட்டு.
கூட்டத் தெரிகிறது, பாருங்கள்.
பொறியியலுக்கு மனுப் போட
எங்கள் பிரிவுக்கு நூற்றிருபது வேண்டும்.
சான்றிதழில் தேர்ச்சி என்றுதான் இருக்கிறது.
அந்தத் தேர்ச்சி
தொண்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வரும்,
பஸ்ஸில் ஏறாது.

ஜூன் முதல் டிசம்பர் வரை
கணக்கு சார் நாற்காலி காலி.
தமிழய்யா வந்து சத்தம் போடாதீங்க என்பார்.
பொங்கலுக்கு அப்புறம் வந்தவர்
தடைக்காலம் முடிந்த விசைப்படகு மாதிரி
பன்னிரண்டு பாடத்தையும் அரித்துக்கொண்டு போனார்.
காரணமாகச் சொல்லவில்லை.
ரஹ்மத் நிஷாவும் அதே பெஞ்சுதான்,
எண்பத்தொன்பது.

"கடக்காரன் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு?
கடல்தான் காலேஜு" என்கிறார்
கோட்டைமுத்துச் சித்தப்பா. ஆறுதலாம்.
எனக்குக் கடலும் வராது.
நம்புதாளைக் கரை கண்ணிலிருந்து மறைவதற்குள்
வல்லத்தில் வாந்தி எடுத்தவள் நான்.
காற்றுக்கு நாலு பேர் தெரியும்,
அதிலும் கச்சான் எந்தப் பக்கம் என்று குழப்பம்.

ஆசைப்பட்டது சிவில்.
தூண்டில் வளைவு கட்ட
அளவெடுக்க ஒரு அக்கா வந்திருந்தார்.
மஞ்சள் தொப்பி, முக்காலியில் ஒரு கருவி.
அப்பாவும் மற்ற ஆண்களும்
அவர் கை காட்டக் காட்ட
நகர்ந்து நகர்ந்து நின்றார்கள்.
அவ்வளவுதான் காரணம்.

பதினோராம் பக்கம்.
பாலத்தின் வளைவு பரவளையம்.
அகலம் முப்பது மீட்டர், நடுவில் உயரம் பத்து.
மையத்திலிருந்து ஆறு மீட்டர் தள்ளி
உயரம் என்ன?
படம் போட்டிருக்கிறேன். சமன்பாடு சரி.
எட்டுப் புள்ளி நான்கு.
அதன் மேல் குறுக்கே ஒரு கோடு,
ஸ்கேல் வைத்து, நேராக.
கீழே, சொல்லிக் கொடுத்தபடி:
என்னால் அடிக்கப்பட்டது.

புள்ளி வந்ததால் அடித்தேன்.
முப்பது, பத்து, ஆறு என்று
முழு எண்ணாகக் கொடுத்தவர்கள்
விடையைப் புள்ளியிலா கேட்பார்கள்?
அடுத்த பக்கத்தில் மறுபடி போட்டு
பன்னிரண்டு மீட்டர் என்று முடித்திருக்கிறேன்.
பாலமே பத்துதான்.
திருத்தியவர் சிவப்பில் சுழித்த சைபர்
கொஞ்சம் கோணலாக இருக்கிறது.
சிரித்திருப்பார்.

அந்த ஐந்தும் இருந்தால் நூற்று இருபத்து மூன்று.
அப்போதும் தரவரிசை என்று வந்தால்
இயற்பியலையும் வேதியியலையும் பாதியாய் நறுக்கி
கணக்கை மட்டும்
தலை வாலோடு முழுசாய்த் தராசில் போடுவார்கள்.
எல்லோரும் எடுத்தது போக
மிஞ்சிய கல்லூரிதான் எனக்கு. தெரியும்.
ஆனாலும் வரிசையில் நின்றிருப்பேன்.

மறுமதிப்பீடு போடலாமா என்றார் அண்ணன்.
எதைக் காட்டி?
யார் அடித்தது என்பதற்கு
கையோடு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேனே.

நகலுக்குக் கட்டியது
நண்டுக் கம்பெனியில் ஓடு உடைத்த
அம்மாவின் கூலி.
ராத்திரி அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.
வெட்டுப்பட்ட விரலால் கோட்டைத் தடவி
"நல்லா நேராப் போட்டிருக்கியே" என்றாள்.

இன்று மறுபடி அண்ணன் கடை.
திருவாடானை அரசுக் கல்லூரியில்
தமிழ் முடிந்தது, வணிகவியல் முடிந்தது,
கணினிக்கு உட்கார இடமில்லை.
ஒரு துறையில் மட்டும்
சேர ஆளில்லாமல் பாதி இடம் கிடக்கிறதாம்.
பிளஸ் டூவில் தேர்ச்சி இருந்தால் போதுமாம்.
அண்ணன் திரையைப் பார்த்து வாசிக்கிறார்:
இளம் அறிவியல், கணிதம்.

நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை.
ட்யூப்லைட் இரண்டு தரம் மினுக்கியது,
கரண்ட் போவதற்கு முன்னால் மினுக்குமே, அப்படி.
விசைப்பலகை மேல் விரலை வைத்துக்கொண்டு
அவர் அவசரப்படுத்துகிறார்:
"சீக்கிரம் சொல்லு தாயி,
அடிச்சிரவா?"